ஏரித் தண்ணி

என் கண்ணுக்கு,

கன்னி மாதா உன்னைக் காப்பாத்தட்டும். உன் எட்சன் நல்லாத்தான் இருக்கான், பயப்படாதே. என் கட்டில்ல படுத்து, மலை ஏறின மயக்கம் தெளிய கோக்கா இலைக் கஷாயம் குடிச்சுக்கிட்டிருக்கான்.

லிமாவுல கடலோரம் வளர்ந்தவன் நம்ம மலைக்கு மாப்பிள்ளையா வர்றானேன்னு எனக்கு வயித்தெரிச்சல். "எங்க பொண்ணைக் கட்டணும்னா மேல இருக்கிற ஏரிக்கு நடந்து போய்த் தண்ணி கொண்டுவந்து மாதா முன்னால வைக்கணும், அதுதான் வழக்கம்"னு சொல்லிட்டேன். அப்படி ஒரு வழக்கமே கிடையாதுன்னு உனக்குத் தெரியும். பாதியிலயே திரும்பிருவான்னு நினைச்சேன்.

திரும்பலையேடி! நானும் கூடவே போனேன். பனி தெரியுற இடத்துல வாந்தி எடுத்தான், உதடெல்லாம் நீலமாயிடுச்சு. "போதும்ப்பா, இறங்கிரலாம்"னேன். "நீங்களே ஏறுறீங்க பெரியம்மா. நான் இறங்கினா உங்க ஊர்ல மூட்டை சுமக்கிற லாமாகூட என்னைப் பார்த்துச் சிரிக்கும்"னான். கடைசி ஏத்தத்துல தவழ்ந்தே போய் பாட்டிலை நிரப்பினான்.

வீட்டுக்கு வந்ததும் அடிச்சுப்போட்ட மாதிரி தூங்கிட்டான். பையைத் திறந்தா, மூடி சரியில்லாம தண்ணி மொத்தமும் ஒழுகியிருந்துச்சு. மறுபடி ஏறுறேன்னு நிப்பானேன்னு பயந்து, நம்ம குழாய்லயே பிடிச்சு மாதா முன்னால வச்சிட்டேன்.

காலையில அதுக்கு முன்னால முட்டி போட்டு, "இப்ப நான் உங்க வீட்டுப் பையன்தானே, பெரியம்மா?"ன்னு கேட்டான். மாதா முகத்தை என்னால நிமிர்ந்து பார்க்க முடியலை.

உடனே கிளம்பி வா. உண்மையை நீயே அவன்கிட்ட சொல்லிரு. வேண்டாம், நானே சொல்றேன். நீ பக்கத்துல நின்னாப் போதும்.

ஜெபம் பண்ண வாய் வராத
உன் பெரியம்மா