பூமயில் மண் மிதித்த சேதி

உத்தரகோசமங்கை,
ஆவணி 3, 1957.

பூமயிலின் அய்யாவுக்கு மீனம்மாள் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே ஆட்கள், ஆடுமாடு எல்லாம் நலம். கொழும்பில் உங்கள் நலத்துக்கு மங்களநாதர் துணையிருக்கட்டும்.

நேற்றிலிருந்து உலையில் அரிசி போட்டேனா இல்லையா என்பதுகூட எனக்கு நினைவில்லை. உங்கள் அக்கா எனக்கு முந்தி எழுதிவிடுவாரே என்றுதான் இந்த அவசரம். ஆமாம், பிள்ளையை மண்ணில் இறக்கிவிட்டேன்.

மூத்தவனைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தபோது, அடுத்ததற்கு மொட்டை போட்டுக் காது குத்தும்வரை கால் மண்ணில் படாது என்று உங்கள் அக்கா கருத்தம்மாள் நேர்ந்துகொண்டார். நானும்தான் தலையாட்டினேன். தகப்பன் இல்லாமல் மொட்டை கூடாது என்றார்கள். நீங்களோ பாஸ்போர்ட்டு, விசா என்று வருஷத்தைத் தள்ளினீர்கள். பிள்ளைக்கு நாலு வயது நடக்கிறது. வீட்டுக்குள் பாயிலும் பலகையிலும் சுவரைப் பிடித்துத் தத்தித் தத்தி நடப்பாள். வாசல் தாண்டினால் என் இடுப்புதான்.

போன மாதம் ஊரில் பாலர் பள்ளி திறந்தார்கள். தண்ணீருக்குப் போகையில் இவளை அங்கே வேப்பமரத்தடியில் பாய் போட்டு உட்கார வைத்தேன். பிள்ளைகள் குலைகுலையா முந்திரிக்காய் விளையாடுவதைப் பார்த்துவிட்டு எழுந்து ஓடப் போயிருக்கிறாள். நாலு எட்டில் குப்புற விழுந்தாள். இருளாண்டி மகன், "ஏலே, இவ காலு வெளங்காதவடா" என்று கத்தினான். குடத்தோடு திரும்பிய என் காதிலேயே அது விழுந்தது.

ராமலெட்சுமி டீச்சர் முழங்காலையும் கணுக்காலையும் மடக்கிப் பார்த்துவிட்டு, காலில் ஒரு குறையும் இல்லை, மேடு பள்ளம் தெரியாத கால், ஓடவும் குதிக்கவும் விட்டால் தானாக வந்துவிடும் என்றார். அன்றையிலிருந்து தினமும் விடுகிறேன். மணல் குவியலில் ஏறிச் சறுக்குகிறாள். நொண்டி அடிக்கப் பார்த்துச் சரிகிறாள். விழுந்ததும் என்னைத்தான் திரும்பிப் பார்ப்பாள். ஓடிப்போய்த் தூக்காமல் முந்தானையைக் கடித்துக்கொண்டு நிற்பேன். அவள் எழுந்து நிற்பதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வருகிறது.

நேற்று முழங்கால் பிய்ந்து ரத்தத்தோடு வந்தாள். வந்தவள் சிரித்துக்கொண்டே வந்தாள், அதுதான் கொடுமை. அக்கா பார்த்துவிட்டு, "சாமி குத்தம்டி! ஒண்ணைக் குடுத்தது பத்தாதா?" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார். ஆவணி கடைசி வெள்ளிக்குப் பிள்ளையைத் தன் வீட்டுக்குத் தூக்கிப்போய்விடுவாராம். நீங்கள் வரும்வரை தரமாட்டாராம். உங்கள் அய்யாவும் அக்கா பக்கம்தான் பேசுகிறார்.

எனக்கும் பயம் இல்லாமலா? பிள்ளை தும்மினால் ஓடிப்போய் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறேன். ஆனாலும் மறுநாள் காலையில் இறக்கித்தான் விடுகிறேன். குத்தம் இருந்தால் என் தலையோடு போகட்டும் என்று சாமியிடமே சொல்லிவிட்டேன். மொட்டையை நீங்கள் வந்தே போடுவோம், அதில் மாற்றமில்லை.

உங்கள் சொல் ஒன்றைத்தான் அக்கா கேட்பார். வெள்ளிக்கு முன்னால் ஒரு தந்தி அடியுங்கள். "விளையாடட்டும்" என்று ஒரே சொல் போதும். என்மேல் கோபமென்றால் நேரில் வந்து திட்டுங்கள், கேட்டுக்கொள்கிறேன். தனுஷ்கோடியில் கப்பலை விட்டு இறங்கியதும் கிட்டே வந்துவிடாதீர்கள். கையை நீட்டிக்கொண்டு கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள். உங்கள் மகள் ஓடி வருவாள்.

வழி பார்த்திருக்கும்,
மீனம்மாள்