கட்டிப்போட்ட மணி

ஓசாவா கோயில்,
பிப்ரவரி 6

அன்புள்ள தோமேவுக்கு,

பேத்தி பிறந்த சேதி கிடைச்சுது. சந்தோஷப்படக்கூட விடலை இந்த மழை. ஆளுயரப் பனி மேல தென்காத்தும் வெதுவெதுன்னு மழையும்! ஆத்துக்கு அக்கரையில, உன் தங்கச்சி இனே வீட்டுக்கு நேர் மேல, சரிவுல பனி வெடிச்சிருக்கு. நேத்து கோடா இருந்துது. இன்னிக்கு உள்ள கறுப்பு மண் தெரியுது.

சகலைகிட்டப் போய்ச் சொன்னேன். ஊர்த்தலைவராச்சே, சிரிச்சார். "மணி அடிக்கிற ஆளுக்கு மலையைப் பத்தி என்னய்யா தெரியும்? சத்தம் போடாம இருந்தா அது பாட்டுக்குக் கிடக்கும்"னார். உனக்குத் தெரியாததா? பனி இளகினா, சத்தத்துக்கே சரிஞ்சு விழுந்துடும்னு ஊரே கிசுகிசுன்னுதான் பேசும், நாய் வாயைக்கூடக் கட்டிடுவாங்க. என் மணியடிக்கிற கட்டையையும் கயித்தால கட்டிப்போட்டுட்டாங்க.

பயமா இருக்கு தோமே.

உன்,
இசாகு

நாகவோகா,
பிப்ரவரி 9

என்னங்க,

உங்க கடிதம் படிச்சதுலேர்ந்து குழந்தை அழுதா இனே கூப்பிடுற மாதிரியே இருக்கு. வீட்டை விட்டுக் கிளம்புன்னு அவளுக்குத் தந்தி அடிச்சேன். "அவர் வேண்டாங்கிறார்"னு பதில். புருஷன் சொல்லிட்டா அவளுக்குச் சாமியே சொன்ன மாதிரி, பைத்தியக்காரி.

கயித்தை அறுத்துட்டு மணியை அடிங்க. ஊரே உங்களை உதைக்க ஓடி வரும். வரட்டுமே! கோயில் இக்கரையிலதானே இருக்கு?

உங்க மேல அடி விழுமேன்னு நினைச்சா எனக்குப் பேனா ஓடலை. ஆனாலும் அடிங்க.

தோமே

ஓசாவா கோயில்,
பிப்ரவரி 13

அன்புள்ள தோமேவுக்கு,

அடிச்சேன். உன் கடிதம் வந்த அன்னிக்கு மத்தியானமே. மலையைப் பார்த்துக்கிட்டே, உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு அடிச்சேன்.

பனி தள்ளுற மண்வாரியும் கையுமா கூட்டம் பாலத்துல ஓடி வந்துது. முன்னால சகலை, வெறுங்காலோட. "நிறுத்துடா கொலைகாரப் பாவி!" பின்னால இனே, அவர் வைக்கோல் செருப்பைத் தூக்கிக்கிட்டு. சகலை என் சட்டையைப் பிடிச்சு ரெண்டு அறை விட்டார். மூணாவதுக்குக் கை ஓங்கினப்போதான் அந்தச் சத்தம். கை அப்படியே நின்னுடுச்சு.

இனே வீடு இல்லை. அந்த வரிசையே இல்லை. பனி ஆத்தங்கரை வரைக்கும் வந்து கிடக்கு, கூரைப் புல்லும் மரமுமா.

எல்லாரும் இப்போ கோயில்லதான் தங்கியிருக்காங்க. மணிதான் மலையை இறக்கிடுச்சுன்னு பேசறாங்க. அப்படியும் இருக்குமோன்னு எனக்கே தோணுது. யாரும் முகம் கொடுத்துப் பேசறதில்லை. சோறு போட்டா வாங்கிக்கிட்டே திட்டுறாங்க. இனேகூட.

மழை இன்னும் விடலை. நான் ஒரு மூலையில உட்கார்ந்து, திட்டுற குரலையெல்லாம் எண்ணிப் பார்த்துட்டேன் தோமே. ஒரு குரல்கூடக் குறையலை.

இசாகு