ஐந்தாம் நம்பர் மவுஸ்

4.6.2007, திங்கள்

ஆசிப் உழைக்காமல் ஜெயிக்கிறான். ஊர் அதைத் திறமை என்கிறது. நான் திருட்டு என்கிறேன்.

காலையில் பிரவுசிங் சென்டர் ஷட்டரைத் தூக்கும்போதே போய் உட்கார்ந்தேன். கவுண்டர் ஸ்ட்ரைக் துப்பாக்கி ஆட்டத்தில் ஆளில்லாத மேப்பைப் போட்டு ஒரே சுவரில் ஒரே புள்ளி. திரும்பு, நில், சுடு. மறுபடி திரும்பு, நில், சுடு. மதியச் சோற்றுக்குக்கூட எழுந்திருக்கவில்லை. அவன் சாவகாசமாக லப்பைக்குடிக்காட்டிலிருந்து அரியலூருக்குப் பஸ் ஏறி வந்தான். கையில் பக்கோடா பொட்டலம். எந்தச் சீட் காலியோ அதில் விழுந்தான். எண்ணெய்க் கையோடு மவுஸைப் பிடித்தான். ஐந்து ஆட்டத்தில் மூன்று அவனுக்கு.

சென்டர்காரர் மரிய செல்வம் அண்ணன் பின்னால் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஆண்டவர் குடுத்த கைப்பா அது."

ஞாயிறு பூசையைத் தவறவிடாதவன் நான். வெள்ளிக்கிழமை தொழுகைக்கே அவனை வீட்டில் அடித்து அனுப்ப வேண்டும். ஆண்டவர் ஏன் ஆள் மாற்றிக் கொடுத்தார் என்று கேட்டேன்.

"அத சாமியார்ட்ட கேளு. இப்ப எந்திரி, ஆளு நிக்கிது."

அப்பா இருபது வருஷமாக ஆலையில் சிமெண்ட் மூட்டை ஏற்றுகிறார். அதுவும் தினமும் பழகிப் பழகி வந்த கைதான். அவரை யாரும் திறமைசாலி என்று சொன்னதில்லை. கான்ட்ராக்ட் ஆள் என்பார்கள்.

9.6.2007

பெங்களூரில் ஒரு கம்பெனி கவுண்டர் ஸ்ட்ரைக்குக்கு டீம் வைக்கிறதாம். தங்க வீடு, மாதச் சம்பளம், விளையாடுவது மட்டும்தான் வேலை. ஆகஸ்டில் திருச்சியில் தேர்வு. ஒரே ஒருவரை எடுப்பார்கள். பிரிண்ட் எடுத்து வீட்டில் காட்டினேன்.

"சுடுறதுக்குச் சம்பளமா?" என்றார் அப்பா. "பட்டாளத்துல சேந்துட்டுப் போயேன். ஒங்காத்தாளுக்குப் பென்ஷனாவது வரும்."

பிறகு சிரிக்காமல் சொன்னார். கான்ட்ராக்டர் தங்கராசுவிடம் பேசிவிட்டாராம். பேக்கிங் செக்ஷனில் எனக்கு இடம் இருக்கிறது. டிகிரி படித்தவன் என்பதால் மூட்டை தூக்க வேண்டாம், மெஷினில் மூட்டையை மாட்டினால் போதும். அதுதான் படித்ததற்கு மரியாதை.

ஆகஸ்ட் வரை விடுங்கள் என்று கேட்டேன். சரி என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

13.6.2007

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிய பெரம்பலூர் போனேன். வெயிலில் நீண்ட வரிசை. என்னடா தெரியும் உனக்கு என்று முன்னால் நின்றவன் கேட்டான். கவுண்டர் ஸ்ட்ரைக் என்று சொன்னேன். முன்னும் பின்னும் சிரித்தார்கள். அவனுக்கு டைப்ரைட்டிங் தெரியுமாம். ஏழு வருஷமாகப் பதிவைப் புதுப்பித்துக்கொண்டிருக்கிறானாம். அவன் சிரிக்கிறான்.

21.6.2007

சோபியாவோடு சண்டை. மரிய செல்வம் அண்ணனின் தங்கை. கவுண்டரில் உட்காருகிறவள்.

நான் எப்போதும் ஐந்தாம் நம்பர் கம்ப்யூட்டர்தான். அதன் மவுஸ் என் கைக்குப் பழகியது. இன்று பிடித்தால் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. தலைக்கு வைத்த குறி பக்கத்துத் தூணுக்குப் போகிறது. மவுஸின் வயிற்றைத் திறந்து, உருண்டையை எடுத்துவிட்டு, உள்ளே உருளைகளில் அப்பியிருந்த அழுக்கையெல்லாம் ஹேர்பின்னால் சுரண்டியிருக்கிறாள். ரோட்டில் சுண்ணாம்புக்கல் லாரி ஓய்வதில்லை. கதவை மூடினாலும் அந்தத் தூசி உள்ளே வந்து பசை மாதிரி ஒட்டும்.

யாரைக் கேட்டுத் தொட்டாய் என்று கத்தினேன்.

"அழுக்க எடுத்தா தேங்க்ஸ்னு சொல்லுவாங்க. நீ என்னமோ ஒங் கிட்னிய எடுத்த மாதிரி கத்துற."

மானிட்டர் மேல் 'மவுஸைத் தொடாதே' என்று எழுதி ஒட்டினேன். சாயங்காலம் பார்த்தால் அதன் கீழே ஆசிப் கையெழுத்து: 'கல்யாணம் ஆகிவிட்டது.'

24.6.2007

மூன்றே நாள். மறுபடி தூசி ஏறிவிட்டது. கை பழையபடி வந்துவிட்டது. நிம்மதி.

8.7.2007

ஆசிபும் திருச்சித் தேர்வுக்கு வருகிறானாம். போகிற போக்கில் சொன்னான். "சும்மா பாப்போம்டா. மலைக்கோட்டையும் பாத்த மாதிரி இருக்கும்."

வருகிறவன் கூடச் சேர்ந்து பழகலாமே என்று கூப்பிட்டேன். சுவரைச் சுடும் பயிற்சியைக் காட்டினேன். கொஞ்ச நேரம் செய்தான், கொட்டாவி விட்டான்.

"ஒரே செவுத்த எத்தன தடவடா சுடுவ? செவுரு செத்து நாப்பதாம் நாள் ஃபாத்திஹாவே ஓதியிருப்பாங்க."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் எரிகிறது. அவன் விளையாட்டாக இருக்கலாம். அவன் அத்தா ஜித்தாவில் கடை வைத்திருக்கிறார், பையனுக்கு விசா எடுத்துக்கொண்டிருக்கிறார். திருச்சியில் தோற்றால் அவனுக்கு ஜித்தா. எனக்கு?

29.7.2007

அப்பா வேலைக்குப் போகும்போது மூக்கில் கட்டும் துண்டை அம்மா ஊற வைத்திருந்தாள். வாளித் தண்ணீர் அடியில் சிமெண்ட் கெட்டியாகிவிட்டது. குச்சியால் குத்திக் கொட்டினாள். எனக்குத்தான் கத்த வேண்டும் போல் இருந்தது. யாரிடம்?

19.8.2007, ஞாயிறு, திருச்சி போய் வந்து

எழுதக் கை வரவில்லை. எழுதித்தான் ஆக வேண்டும்.

ஓட்டல் ஹால். ஏசி. வரிசையாகப் புதுக் கம்ப்யூட்டர்கள். தூசி என்றால் என்னவென்றே அந்த அறைக்குத் தெரியாது. மவுஸைத் திருப்பினால் உருண்டையே இல்லை, சிவப்பு வெளிச்சம். கையை வைத்தேன். மூச்சு விட்டால் நகர்கிறது.

வேகத்தைக் குறைக்கலாம் என்றார்கள். குறைத்தேன். அப்படியும் வரவில்லை. ஆள் இடப்பக்கம் வந்தால் நான் தாண்டிப் போகிறேன், திரும்பி வருவதற்குள் செத்திருக்கிறேன். எங்கள் ஊர் சென்டரில் சோற்றுக்குக்கூட எழுந்திருக்காமல் நான் சுட்ட அந்தச் சுவர் என் முன்னால் சிரித்தது. முதல் சுற்றிலேயே முடிந்தது. எதிரில் விளையாடியவன் தஞ்சாவூர்ப் பையன், என்னைவிட மட்டமாக ஆடுகிறவன். அது எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். கை குலுக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆசிப் உட்கார்ந்தான். ஆட்டம் தொடங்கும் முன் மவுஸால் திரையில் வட்டம் போட்டான். சின்ன வட்டம், பெரிய வட்டம், மறுபடி சின்னது. அவ்வளவுதான். பிறகு வரிசையாக எல்லாரையும் அடித்தான்.

பெங்களூர்க்காரர் அவன் தோளில் கை போட்டு ஆங்கிலத்தில் சொன்னதில் எனக்குப் புரிந்த ஒரே வார்த்தை டேலண்ட்.

வரும்போது ரயிலில் கேட்டேன். "ஒங்க வூட்ல இந்த மவுஸ் இருக்கு. ஒங்க அத்தா அனுப்பியிருக்காரு. எங்கிட்ட மறச்சிட்ட."

"எங்க வூட்ல கம்ப்யூட்டரே இல்லடா. நீ வந்து பாத்திருக்கியே."

பார்த்திருக்கிறேன்தான். அவன் அம்மா கையால் சாப்பிட்டும் இருக்கிறேன்.

"அப்பறம் எப்டிடா?"

"எனக்கு எப்டித் தெரியும். உக்காந்தேன், ஆடுனேன்."

அரியலூர் வரும்வரை அவன் தூங்கினான். ஜெயித்தவனுக்கு எங்கேயும் தூக்கம் வரும்.

20.8.2007

டேலண்ட். டேலண்ட். டேலண்ட். அந்த வார்த்தையைக் கண்டுபிடித்தவன் எவனோ அவன் வேலை செய்து பிழைத்தவன் இல்லை.

27.8.2007

ஒரு வாரம் கழித்து சென்டருக்குப் போனேன். ஐந்தாம் நம்பர். கை வைத்ததும் பழையபடி. குறி தலையில் போய் உட்காருகிறது. திருச்சியில் செத்தவன் நானே இல்லை என்பது போல.

பக்கத்து நான்காம் நம்பர் காலியானது. ஏதோ ஒரு வேகத்தில் அதில் மாறி உட்கார்ந்தேன். தாண்டிப் போகிறது. ஏழாம் நம்பர்: குறி போய்ச் சேரவே இல்லை. இரண்டாம் நம்பர்: வேறு மாதிரி தாண்டுகிறது.

திரும்ப வந்து ஐந்தாம் நம்பர் மவுஸைக் கவிழ்த்துத் திறந்தேன். உருளையைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் மேடு மேடாகத் தூசி. அதனால் பக்கவாட்டில் நகரும்போது விட்டு விட்டுச் சுணங்கும். சுணங்கும் இடத்தில் என் கை தானாக ஒரு இழு இழுக்கிறது. நான் இழுப்பதே எனக்குத் தெரியவில்லை. இன்றுதான் கையையே பார்த்துக்கொண்டு ஆடினேன், தெரிந்தது.

நான் குறி பார்க்கப் பழகவில்லை. இந்த ஒரு மவுஸில் ஒட்டிய அழுக்குக்குப் பழகியிருக்கிறேன். சுத்தம் செய்தவளோடு சண்டை போட்டு, காவலுக்குச் சீட்டு ஒட்டி வைத்துப் பழகியிருக்கிறேன்.

அந்த நாய் ஆசிப் தினம் ஒரு சீட்டில் உட்கார்ந்தான். சோம்பேறித்தனம் என்று நினைத்தேன். சோம்பேறித்தனம்தான். ஆனால் தினமும் புதிதாக ஒரு கேடுகெட்ட மவுஸ் அவன் கைக்கு வந்தது. தினமும் வட்டம் போட்டு அதன் குணத்தைப் பார்த்துக்கொண்டான். அவனும் பழகியிருக்கிறான். என்ன பழகினோம் என்று அவனுக்கே தெரியாது. தெரியாததால் திறமை என்று பெயர்.

மானிட்டர் மேல் ஒட்டிய சீட்டைக் கிழித்தேன். சோபியா பார்த்தாள்.

"என்ன, விவாகரத்தா?"

ஆமாம் என்றேன்.

30.8.2007

பெங்களூருக்கு மெயில் போட்டேன். எல்லாவற்றையும் எழுதி, ஒரு மாதம் கழித்து இன்னொரு தடவை பாருங்கள் என்று கேட்டேன்.

5.9.2007

ஆசிப் பெங்களூர் போய்விட்டான். வழியனுப்ப நான் ஸ்டேஷனுக்குப் போகவில்லை.

17.9.2007

பேக்கிங் செக்ஷனில் முதல் நாள். மெஷின் குழாயில் பையை மாட்ட வேண்டும், நிறைந்ததும் அதுவே தள்ளிவிடும், அடுத்த பை. திரும்பு, நில், மாட்டு. எனக்குப் பழக்கமான வேலைதான்.

மூக்குக்குக் கட்ட ஏதாவது தருவீர்களா என்று தங்கராசுவிடம் கேட்டேன். "ஒங்கப்பன் இத்தன வருஷத்துல கேட்டதில்ல தம்பி." பாராட்டு மாதிரி சொன்னார்.

மெயிலுக்குப் பதில் இல்லை.

6.10.2007

ஷிப்ட் முடிந்து தினமும் சென்டர். தினம் ஒரு கம்ப்யூட்டர். எது மோசமோ அது. சோபியாவிடமே கேட்டு உட்காருகிறேன். இன்று எட்டாம் நம்பர், பிடித்தால் நடுங்கும் மவுஸ். முதலில் வட்டம். சின்னது, பெரியது, சின்னது. பிறகு சுவர். சுவரை விடவில்லை. அவனுடையதும் வேண்டும், என்னுடையதும் வேண்டும்.

சோபியா சொன்னாள்: "மாசத்துக்கு ஒன்னு வச்சிருந்தாகூடப் பரவால்ல. தினம் ஒன்னா? ரொம்பக் கெட்டுட்ட."

16.10.2007

பெருநாளுக்கு ஆசிப் வந்திருக்கிறான். பிரியாணி கொடுத்தனுப்பினான். அம்மா சூடு பண்ணினாள். நன்றாகத்தான் இருந்தது. நான் போன் பண்ணவில்லை.

2.11.2007

ஆசிப் இன்னும் பெங்களூர் திரும்பவில்லை. போனை அணைத்து வைத்திருக்கிறான். கம்பெனிக்கு மறுபடி மெயில் போட்டேன். இல்லை. ஒரு வரிப் பதில்கூட.

23.11.2007

அரியலூர் மறுபடி மாவட்டமாகிவிட்டது. கடைத்தெருவில் வெடி. லாரிகள் அதன் நடுவே போய்க்கொண்டிருந்தன.

25.11.2007, ஞாயிறு

ஷிப்ட் முடிந்து சென்டருக்குப் போனேன். "தலைய வெளிய தட்டிட்டு உள்ள வா," என்றாள் சோபியா. உள்ளே மூன்றாம் நம்பரில் ஆசிப்.

பக்கத்தில் உட்கார்ந்தேன். ஆடினோம். ஐந்தில் நான்கு எனக்கு. கம்ப்யூட்டரை மாற்றிக்கொண்டு ஆடலாமா என்றேன். மாற்றினோம். அப்படியும் நான்கு. மரிய செல்வம் அண்ணன் ஆண்டவரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"விசா வந்துருச்சுடா," என்றான் ஆசிப். "ஜனவரில போறேன்."

"விசா வந்ததாலயா பெங்களூர உட்ட?"

திரையைப் பார்த்தபடியே சொன்னான்.

"காலைல உக்காந்தா சாயங்காலம் வரைக்கும் செவுருடா. நீ சுடுவியே, அதே செவுரு. மொத வாரம் ஒன்ன நெனச்சுச் சிரிச்சேன். ரெண்டாவது மாசம் அங்க இருந்த பயலுவ எல்லாம் என்னத் தாண்டிப் போயிட்டானுவ. என்னால முடியல. பெருநாளுக்குப் போயிட்டு வரேன்னு சொல்லிட்டு வந்தேன். அவ்ளோதான்."

"வரலன்னு சொல்லல?"

"எப்டிச் சொல்றது?"

மூன்று மாதம் நான் தூங்காமல் நினைத்த இடம் அங்கே காலியாகக் கிடக்கிறது. இவன் வெட்கப்பட்டுக்கொண்டு இங்கே உட்கார்ந்து அதை அடைத்து வைத்திருக்கிறான். அடிக்கக் கை போனது. அவன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். ஜெயித்தவன் முகமாக அது இல்லை.

கவுண்டரில் இருந்த போனைத் தூக்கி அவன் முன்னால் வைத்தேன். சோபியா வயரைத் தளர்த்திக் கொடுத்தாள்.

"போடு. நா வரலன்னு சொல்லு. அரியலூர்ல கிளமெண்ட்டுன்னு ஒருத்தன் இருக்கான், ஆகஸ்டுல மொத சுத்துல தோத்தவன். இப்ப எந்த மவுஸக் குடுத்தாலும் ஆடுவான், செவுத்த வருஷம் பூரா சுடச் சொன்னாலும் சுடுவான்னு சொல்லு. எம் மெயில அவனுங்க படிக்கல. நீ சொன்னா கேப்பானுங்க. டேலண்ட்டுன்னு ஒன்னத்தான சொன்னாங்க."

ஆசிப் ரிசீவரைத் தொடவில்லை. மவுஸால் வட்டம் போட்டுக்கொண்டிருந்தான். சின்னது, பெரியது, சின்னது. ஆட்டம் எதுவும் ஓடவில்லை, திரையில் அம்புக்குறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. மரிய செல்வம் அண்ணன் ஷட்டரைப் பாதி இறக்கினார்.

போன் போடு, ஆசிப்.