சம்பந்தியம்மாளின் தபூரியா

அஜின்கோர்ட், டொராண்டோ
9-2-1976

சிரஞ்சீவி தியாகுவுக்கு அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. நைரோபியில் நீயும் முத்தோனியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், இங்கே எங்கள் உடம்புக்கு ஒன்றும் இல்லை, உன் அப்பாவின் கௌரவத்துக்குத்தான் போன ஞாயிற்றுக்கிழமை பலமாக அடிபட்டுவிட்டது.

அங்கிருந்து குடிவந்த ரேவாபென்னிடம் முத்தோனியின் அம்மா கொடுத்தனுப்பிய அலுமினியப் பாத்திரம் வந்து சேர்ந்தது. சுவாஹிலியில் சுஃபுரியா என்பதைத்தான் எங்கள் கிகூயு வீட்டில் தபூரியா என்கிறோம் என்று முத்தோனி சீட்டு எழுதி வைத்திருந்தாள். கைப்பிடி கிடையாது, விளிம்புதான், நம் இடுக்கிக்கென்றே செய்தது போல் இருக்கிறது, அடியில் கரி ஏறிய பழைய பாத்திரம். உன் அப்பாவுக்கு அது போதாதா. நீ சொல்லாமல் ரிஜிஸ்தர் கல்யாணம் செய்துகொண்ட நாளிலிருந்து உனக்கு ஒரு வரி எழுதாத மனிதர், பக்கத்து வீட்டுத் துரை குடும்பத்தையும் ரேவாபென்னையும் சாப்பிடக் கூப்பிட்டு, பாத்திரத்தைக் கூடத்து நடுவில் வைத்து, எங்க சம்பந்தி அனுப்பின சீர் இதுதான், அதுவும் பழசு என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். சாப்பிட்ட நன்றிக்குத் துரையும் சிரித்தார்.

ரேவாபென் சிரிக்கவில்லை. கிகூயுக்காரர்கள் வழக்கத்தில் பெண் வீடு சீர் கொடுப்பதில்லை, பையன் வீட்டார்தான் ஆடு ஓட்டிக்கொண்டு போய்ப் பெண் கேட்க வேண்டும், யாரும் வராததால் முத்தோனியின் அப்பா இன்னும் உன்னையும் அவளையும் வீட்டுக்குள் சேர்க்கவில்லை, அந்த அம்மாள் தான் புழங்கிய பாத்திரத்தையே கொடுத்து மாப்பிள்ளை வீட்டார் எப்போது வருவார்கள் என்று கேட்டாள் என்று நிதானமாகச் சொன்னார். ஆக, நாம் சீர் வரவில்லை என்று இங்கே மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்க, அவர்கள் அங்கே நம் ஆட்டுக்காக வாசலைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். இதை நீ ஏன் எழுதவில்லை. வாயைத் திறந்தால் மதிப்புப் போய்விடும் என்று நினைப்பதில் நீயும் அப்பா பிள்ளைதான்.

அன்று உன் அப்பா மோர் சாதத்துக்குக்கூட உட்காரவில்லை. பிறகு மெதுவாக வந்து, ஆட்டை பாங்க் டிராப்டாக அனுப்ப முடியுமா என்று கேட்டார். நேரில்தான் போக வேண்டும் என்றேன். பையனைப் பெற்றவன் பெண் வீட்டுப் படியேறிக் கைகட்டி நிற்பதா என்று முணுமுணுத்துக்கொண்டு வாசலில் பனி தள்ளப் போய்விட்டார். நன்றாகத் தள்ளட்டும்.

பங்குனியில் நான் மட்டும் வருகிறேன். ஆடு எப்படிப் பார்த்து வாங்குவது என்று முத்தோனியிடம் கேட்டு வை, உன்னை நம்பினால் கிழட்டு ஆட்டைத் தலையில் கட்டிவிடுவார்கள். வேளைக்குச் சாப்பிடு. நான் வருவதை அவள் அப்பாவிடம் நீயே போய்ச் சொல், மறக்காதே, வாசலோடு அனுப்பினாலும் பரவாயில்லை. என் கல்யாணத்தில் உன் அப்பா வீட்டார் முன்னால் என் அப்பா கைகட்டி நின்றதை நான் பார்த்தேன். மாப்பிள்ளை வீடு அப்படி நிற்பதை ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும், நிற்பது நானாக இருந்தாலும் சரி.

இருவரும் நூறாண்டு நன்றாக இருங்கள்.

உன் அம்மா,
வனஜா மோகனசுந்தரம்