அஞ்சாவது கியர்

ஜெஸீமா,

மீன் ஆணம் மூடி வைத்திருக்கிறேன். பூனை வரும், குசினிக் கதவைச் சாத்து.

கலியாணம் முடிந்து, நம் வழக்கப்படி மகனைப் பொத்துவிலில் பெண் வீட்டில் குடிவைத்துத் திரும்பிய அன்று, வழி நெடுக நீ அழுதிருக்கிறாய். நம்முடைய பழைய மொறிஸ் மைனர் கார் பெரிய ரோட்டில் போட்ட கூச்சலில் எனக்குக் கேட்கவில்லை. வீட்டில் இறங்கி, "நீங்க கல்லு மனிசன்" என்றாய். அதோடு நம் கதை பேச்சு நின்றது.

கியர்பொக்ஸை மாற்றிவிட்டேன். அஞ்சாவது கியர் போட்டால் அதே வேகத்தில் என்ஜின் மெதுவாகச் சுற்றுமாம், கூச்சல் குறையுமாம். அக்கரைப்பற்று வரை ஓட்டிப் பார்த்து வருகிறேன். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிய மகனிடம் போவோம்.

தாளின் ஓரத்தில் கொஞ்சம் இடமிருக்கிறது: திரும்பும்போது அழுகை வந்தால் அழு, இனி எனக்குக் கேட்கும். அன்று நானும்தான் அழுதேன் புள்ள. உனக்கும் கேட்கவில்லை.