கீழே நாலு வேன், மேலே நாற்பது பேர்

12 மார்ச் 2025, புதன்

ரத்தினசாமி அண்ணாச்சி கூப்பிட்டுவிட்டிருந்தார். பைபாஸ் பக்கம் சும்மா கிடக்கிற பேப்பர் குடோனுக்கு மேலே ரெண்டு மாடி எடுக்கணுமாம். அவருடைய பட்டாசுக் கம்பெனிக்குக் காரியாபட்டிப் பக்கத்திலிருந்து வருகிற பெண்கள் சீசன் முடியும் வரை அங்கேயே தங்குவார்கள். நாற்பது பேர். கீழே, புதிதாக வாங்கிய நாலு பேட்டரி வேனுக்கும் சார்ஜ் ஏறும். மொட்டைமாடி சோலார் கரண்டைச் சேர்த்துவைக்க பீரோ உயரத்துக்கு ஒரு பேட்டரி வேறு.

அதை எங்கே வைக்க என்று கேட்டேன். "படிக்கட்டுக்கு அடியில எடம் சும்மாதான கெடக்கு, எஞ்சினியரம்மா."

அந்தக் கட்டடத்துக்கு இருப்பதே ஒரு படிக்கட்டுதான்.

14 மார்ச், வெள்ளி

தீ பாதுகாப்பு விதிகளை அச்சடித்து எடுத்துக்கொண்டு போனேன். பேட்டரிக்குத் தனி அறை, கட்டடத்தை விட்டுத் தள்ளி. வேனுக்கும் படிக்கும் நடுவில் தீ தாங்குகிற சுவர். பின்பக்கம் இன்னொரு படிக்கட்டு. நான் சொல்லச் சொல்ல அவர் முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"இது என்ன பட்டாசு மருந்தா? வெறும் பேட்டரிம்மா."

இதைச் சொல்கிறது யார்? கம்பெனி கேட்டில் செல்போனைப் பிடுங்கி வைக்கிற மனுசன்! ஒரு அறையில் நாலு பேருக்கு மேல் உட்கார்ந்தால் போர்மேனை உண்டு இல்லை என்று ஆக்குகிற மனுசன்! அங்கே திடீர்னு செக்கிங் வரும். இங்கே யார் வரப்போறா? அம்புட்டுதான் அவர் கணக்கு. எரிச்சலா வருது.

2 ஏப்ரல், புதன்

பிளான் ஆபீஸ். அங்கே இருந்தவர் பேனா முனையால் சார்ஜ் பாயிண்டை மட்டும் எண்ணினார். நாலு இருக்கிறதா, சரி. "படிக்கட்டைப் பத்தி ஒண்ணும் கேக்கலையே சார்?" என்று நானே எடுத்துக் கொடுத்தேன். "எஞ்சினியர் நீங்கதான மேடம்? நீங்க கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது."

முடிஞ்சுதாம்.

3 ஏப்ரல், வியாழன்

போட்டுட்டேன்.

மணிகண்டராஜ் கையெழுத்துப் போடத் தயாராம். என்னிடம் மூணு வருசம் வேலை பழகிய பையன். "உங்களுக்குச் சங்கடம்னா அவரு போட்டுருவாரு, வருத்தப்படாதீக" என்றார் அண்ணாச்சி. கடைசியில் ஒரு சமாதானம். பேட்டரி பின்பக்கம் போகும், சுவர் உண்டு, ரெண்டாவது படி மட்டும் படத்தில் புள்ளிக்கோடாக இருக்கும் - 'பின்னர் கட்டப்படும்'.

நான் விலகினால் அந்தச் சுவர்கூட வராது, உள்ளே இருந்தால் பார்த்துக்கலாம் - இப்படி என்னை நானே தேற்றிக்கொண்டேன். அது மட்டுமா? அண்ணாச்சியைப் பகைச்சுக்கிட்டா இந்த ஊர்ல எவன் என்னைக் கூப்பிடுவான்? அந்தப் பயமும்தான். வீட்டுக்காரர் ஏன் முகம் இப்படி இருக்கு என்று கேட்டார். தலைவலி என்று சொன்னேன்.

19 ஜூன், வியாழன்

பின்பக்கம் வேன் திரும்ப இடம் வேணுமாம். பேட்டரி மறுபடியும் படிக்கட்டுக்கு அடியில்!

கத்திட்டேன். கொத்தனார், சித்தாள் எல்லாம் வேலையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணாச்சி சிரித்தார். "கையெழுத்து உங்களதுதானம்மா, இப்பக் கோவப்பட்டா எப்பிடி?"

எனக்கு வேணும். நல்லா வேணும்.

8 ஆகஸ்ட், வெள்ளி

பேட்டரியை நகர்த்தச் சொல்லி அண்ணாச்சிக்குப் பதிவுத் தபாலில் மூன்றாவது கடிதம். பதில் இல்லை.

4 செப்டம்பர், வியாழன்

காலையில் பால் காய்ச்சினார்கள். போயிருந்தேன், போகாமல் எப்படி இருப்பது? மத்தியானம் பெண்கள் பையும் பாயுமாக வேனில் வந்து இறங்கினார்கள். முன்னால் வந்தது பொன்னுத்தங்கம். தரைச்சக்கரம் சுற்றுகிற வேலை, இருபது வருசமாக. அந்தம்மா படியில் கால் வைக்கவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டுக் கட்டடத்தை ஒரு சுற்று சுற்றி வந்தார்.

"மேல இருந்து எறங்க இன்னொரு வழி எங்கன இருக்கு, மொதலாளி?"

"இது ஒண்ணுதான். எம்புட்டு அகலம் பாரு."

"அடியில என்னது?"

"கரண்டுப் பேட்டரி."

அந்தம்மா மற்றவர்கள் பக்கம் திரும்பினார். "ஏ, யாரும் ஏறாதீக."

கம்பெனியில் எந்த அறைக்குள் போனாலும் வாசல் எத்தனை, எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டுத்தான் இவர்கள் உட்காருவார்கள். விதியும் புத்தகமும் வேண்டாம். நாற்பது பேரும் வெளியே பாயை விரித்து உட்கார்ந்துவிட்டார்கள். ஊருக்கு வேனை எடுக்கச் சொன்னார்கள்.

அண்ணாச்சிக்கு வேர்த்துவிட்டது. தீபாவளி லோடு நிற்கிறது. "எஞ்சினியரம்மா, நீங்க எடுத்துச் சொல்லுங்க. பிளான் பாஸாயிருக்குல்ல?"

அதற்குள் பொன்னுத்தங்கம் பக்கத்தில் வந்தார்.

"நீங்கதான் வரைஞ்சீகளா?"

"ஆமா."

"ஒத்த வழின்னு தெரியாமயா?"

"தெரிஞ்சுதான்."

திட்டுவார் என்று பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை. "எம்மகளும் வந்திருக்கும்மா" என்றார். அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன்.

5 செப்டம்பர், வெள்ளி

அண்ணாச்சி போன். படி வரும்வரை பெண்கள் ஊரிலிருந்தே வேனில் வந்து போவார்களாம். ரெண்டாவது படி, இரும்பிலேயே போட்டால் எத்தனை நாளில் முடியும்? பேட்டரியை எங்கே தள்ளி வைக்க?

சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மனுசன் கேட்கிறார்: "இதை நீங்க மார்ச்லயே சொல்லியிருக்கக் கூடாதாம்மா?"

கடவுளே!

11 செப்டம்பர், வியாழன்

புதுப் படத்தை ஆபீசுக்குக் கொண்டுபோகவில்லை. கம்பெனி கேட்டில், சாப்பாட்டு நேரத்தில், முதலில் பொன்னுத்தங்கத்திடம் காட்டினேன். கையைப் புடவையில் துடைத்துவிட்டு, மேல்மாடிக் கட்டிலில் விரலை வைத்து, நடை வழியாக, பின்படி வரைக்கும் இழுத்துக்கொண்டே வந்தார். படிக்கு முன்னால் விரல் நின்றது.

"இந்தக் கதவு எந்தப் பக்கம் தொறக்கும்?"

பார்த்தேன். உள்பக்கம். நாற்பது பேர் முட்டித் தள்ளிக்கொண்டு வரும் இடத்தில், உள்பக்கம் திறக்கிற மாதிரி வரைந்து வைத்திருக்கிறேன்! நான்தான், என் கையால்தான்.

அங்கேயே அதை அடித்துவிட்டு வெளிப்பக்கமாகப் போட்டேன். மூடி திறந்த பேனா கையிலேயே இருந்தது. கையெழுத்துப் போடவில்லை.

"வேற எதுவும் இருக்கா, பாருங்க" என்றேன்.

அந்தம்மா தூக்குச்சட்டியைத் தள்ளி வைத்துவிட்டு, மறுபடியும் கட்டிலிலிருந்து ஆரம்பித்தார்.