வீங்காத கண்கள்

உன்னைக் கொன்றது உன் வீட்டார்தான். இதை இப்படியே எழுதுகிறேன். சுற்றி வளைத்துப் பேசினால் உனக்கும் எரிச்சல் வரும்.

நேற்று காங்கேயத்தில் உன் வீட்டுக்குப் போயிருந்தேன். முன்னறைச் சுவரில் மாலையோடு உன் படம். மாப்பிள்ளை வீட்டாருக்குக் கொடுக்க எடுத்த அதே படம். அரக்குப் பட்டு, தலை நிறைய மல்லிகை, கண்ணுக்குக் கீழே துளி வீக்கமில்லை. மாத்திரையை நிறுத்திய பிறகு எடுத்தது அது.

கோவையில் நாம் உயிர்வேதியியல் படித்துக்கொண்டிருந்தபோதுதான் உனக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது. பரீட்சைக்கு உருப்போட்ட நொதி உன் எலும்பு மஜ்ஜைக்குள் உட்கார்ந்திருந்தது. இரண்டு குரோமோசோம்கள் உடைந்து, துண்டுகள் இடம் மாறி ஒட்டி, அந்த ஒட்டில் பிறந்த நொதி. மற்ற நொதிகளை உடம்பு தேவைப்படும்போது முடுக்கும், இல்லாதபோது அடக்கும். இது அடங்காது. வெள்ளணுக்களைப் பெருகச் சொல்லி விரட்டிக்கொண்டே இருக்கும். தினமும் போடும் மாத்திரை அதன் வாயை அடைத்து வைக்கும்.

உன் அம்மாவுக்கு நீ சொன்ன விதம் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை.

"ஸ்டார்ட்டர்ல காண்டாக்ட் ஒட்டிக்கிட்டா, சுவிட்ச அமுக்குனாலும் கெணத்து மோட்டாரு நிக்காம ஓடுமில்லீங்கம்மா? அதாங்க இது. மாத்திரை, ஃபியூஸைப் புடுங்கி வெச்ச மாதிரி. திருப்பிச் சொருகுனா மறுபடி ஓடும்."

அவருக்கு நன்றாகப் புரிந்தது. மாதாமாதம் பஸ்ஸில் உன்னை ஆஸ்பத்திரிக்கு அழைத்து வந்ததும் அவர்தான். ஆனால் அந்த மாத்திரை கண்ணைச் சுற்றி நீர் கோக்க வைத்தது. ஜாதகம் கொண்டுவந்த அம்மாள் உன் முகத்தை உற்றுப் பார்த்து, "ஏனுங்க, புள்ளைக்குத் தைராய்டுங்களா?" என்று கேட்டாள். அந்த ஒரு கேள்வி போதுமானதாக இருந்தது. பெண் பார்க்கும்வரை நிறுத்தலாம் என்றார்கள். பிறகு நிச்சயம்வரை. பிறகு கல்யாணம்வரை.

போனில் உன்னோடு சண்டை போட்டேன். நீ சிரித்தாய்.

"கண்ணாடியில எம் மூஞ்சி இப்பத்தான் எனக்கே புடிக்குது புள்ள. கொஞ்ச நாளைக்கு உடேன்."

உன் முகத்தை உனக்கே பிடிக்காமல் செய்தது யார் என்று கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவில்லை.

கல்யாணத்துக்கு முன்பே காய்ச்சல் வந்தது. மண்ணீரல் பெருத்து வயிறு கல்லானது. மறுபடி மாத்திரை கொடுத்தார்கள். அதற்குள் நொதி தன் உருவத்தை மாற்றிக்கொண்டிருந்தது. பழைய மாத்திரை அதில் பொருந்தவில்லை. வேறு மருந்து தேடுவதற்குள் நீ போய்விட்டாய்.

இப்போது கோவையில் கணபதி பகுதியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிறேன். உன் மாத்திரையைச் சாப்பிடுகிறவர்கள் வந்தால் முகம் பார்த்தே கண்டுபிடித்துவிடுவேன். டாக்டரைக் கேட்காமல் ஒரு நாளும் நிறுத்தாதீர்கள் என்று சொல்லாமல் ஊசியை எடுப்பதில்லை. சிலர் முறைக்கிறார்கள். முறைக்கட்டும்.

நேற்று நான் இருக்கும்போதே உன் தங்கைக்கு வரன் சொல்ல ஒருவர் வந்தார். படத்தைப் பார்த்து, என்ன ஆச்சுங்க என்றார். "மஞ்சக் காமாலைங்க" என்றார் உன் அம்மா, கண்ணைக்கூட இமைக்காமல். உன் தங்கையும் ஆமாம் என்று தலையாட்டினாள். அவளுக்கும் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறார்கள்.

வரன் சொல்ல வந்தவர் போனதும், ஏன் பொய் சொன்னீர்கள் என்று கேட்டேன். உன் அம்மா குரலைத் தாழ்த்தினார்.

"நெசத்தச் சொன்னா சின்னவளைக் கேட்டு யாரு வருவாங்க, கண்ணு?"

இது குடும்பத்தில் தொடர்கிற நோய் இல்லை, உன் ஒருத்தியின் மஜ்ஜையில் உடைந்தது என்றேன். தெரியும் என்றார். ஊருக்குத் தெரியாதே என்றார்.

"ஊரு கெடக்கட்டுங்கம்மா. சின்னவகிட்டச் சொல்லுங்க. அக்காவுக்கு வந்தது ரத்தப் புத்துநோய்னு சொல்லுங்க. மருந்து இருந்துச்சு, வேலை செஞ்சுது, நாமதான் நிறுத்திப்போட்டோம்னு சொல்லுங்க. இப்பவே கூப்பிட்டுச் சொல்லுங்க."

அவர் சின்னவளைக் கூப்பிடவில்லை. காலி டம்ளர்களை ஒவ்வொன்றாகத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தார்.